கட்டளை வரி நீண்டு பில்ட் உடைகிறதா? எந்த வரம்பில் முட்டினோம் என்று முதலில் பாருங்கள்

நேற்று மாலை வரை ஓடிய பில்ட், இன்று காலை, கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒரே நிரலாகக் கோர்க்கும் லிங்க் இடத்தில் 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று ஒரே வரி சொல்லிவிட்டு நின்றிருக்கும். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை, இரண்டு புது ஃபைல் சேர்த்தேன் என்பீர்கள். உண்மையாகத்தான் இருக்கும். உங்கள் கோடுக்குள் என்ன இருக்கிறது என்பது பற்றி இந்தப் பிழைக்குக் கவலையே கிடையாது. கம்பைலரையோ லிங்கரையோ கூப்பிடும் அந்த ஒற்றை வரி எவ்வளவு நீளம் என்பதுதான் கணக்கு. ப்ராஜெக்ட் வளர வளர அந்த வரியும் சத்தமில்லாமல் வளர்ந்து ஒரு நாள் கூரையில் போய் முட்டுகிறது.

குழப்பம் எங்கே என்றால், கூரை ஒன்று மட்டும் இல்லை. லினக்ஸ் கெர்னலில் மொத்தத்துக்கு ஒன்று, ஒற்றை ஆர்க்யுமென்ட்டுக்குத் தனியாக ஒன்று, விண்டோஸில் கட்டளை ஜன்னலான சிஎம்டிக்கு ஒன்று, அதற்கும் அடியில் ப்ராசஸ் தொடங்கும் இடத்தில் இன்னொன்று. எதில் முட்டினோம் என்று தெரியாமல் கண்ணில் பட்ட முதல் வைத்தியத்தைச் செய்தால் அரை நாள் போய்விடும். எனக்கு ஒருமுறை முழு நாளே போனது, அதைக் கீழே சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவெடுங்கள்

லினக்ஸில் 'கெட்கான்ஃப் ஆர்க்_மேக்ஸ்' அடித்தால் பெரும்பாலும் 20,97,152 என்று வரும், அதாவது 2 எம்பி. ஒரு ப்ராசஸின் ஸ்டாக் நினைவக வரம்பு வழக்கமாக 8 எம்பி, அதில் கால் பங்கு இது. 2007-ல் வந்த 2.6.23 கெர்னலில் இருந்துதான் இந்தக் கால் பங்குக் கணக்கு. அதற்கு முன்னால் எல்லாருக்கும் 1,31,072 பைட்தான், ஸ்டாக்கை ஏற்றினாலும் நகராது. மேக்ஓஎஸ்ஸில் 10,48,576. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கூடவே போகும் பெயர்-மதிப்புப் பட்டியலான என்விரான்மென்ட் வேரியபிள்களும் இந்த எண்ணுக்குள் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வரி மட்டும் இல்லை, வரியும் என்விரான்மென்ட்டும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்து உங்கள் வரி எவ்வளவு என்று பாருங்கள். பில்டை நடத்தும் கருவியான மேக்குக்கு 'மேக் -என்' போட்டால் எதையும் ஓட்டாமல் என்ன ஓட்டப்போகிறது என்பதை மட்டும் காட்டும். அதை ஒரு ஃபைலில் பிடித்து 'டபிள்யூசி' கட்டளைக்குப் பெரிய எல் ஆப்ஷனோடு கொடுத்தால், இருப்பதிலேயே நீளமான வரியின் அளவு கிடைத்துவிடும். அது 1.3 லட்சத்தைத் தாண்டியதா, 20 லட்சத்தைத் தாண்டியதா, அல்லது வெறும் நானூறு எழுத்தா? மூன்றும் மூன்று வேறு வியாதி.

எந்த ப்ராசஸ் விழுகிறது என்றே புரியாவிட்டால் 'எஸ்ட்ரேஸ் -எஃப் -இ எக்செக்விஇ' என்று முன்னால் போட்டு மேக்கை ஓட்டுங்கள், வரும் வெள்ளத்தில் இந்தப் பிழையின் கெர்னல் பெயரான 'இ2பிக்' என்று தேடுங்கள். அந்த வரியில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கும். ஆள் கிடைத்துவிட்டான்.

நடுவில் ஒன்று. லினக்ஸ் எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. ஃபோல்டருக்கு ஆசையாகத் தமிழில் 'திட்டம்' என்று பெயர் வைத்தால் யூடிஎஃப்-8-ல் அது 21 பைட், ஏனென்றால் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். விண்டோஸ் கணக்கில் அதே சொல் 7 தான். ஆயிரம் ஃபைல் இருக்கிற ப்ராஜெக்ட்டில் இந்த வித்தியாசம் சில்லறை இல்லை.

வரி ஒன்றரை லட்சம்கூட இல்லை, கெட்கான்ஃப் 20 லட்சம் என்கிறது, ஆனாலும் 'டூ லாங்'

எனக்கு ஒரு நாள் போனது இதில்தான். சுமார் 1,500 ஆப்ஜெக்ட் ஃபைல், ஒவ்வொன்றின் பாத்தும் சராசரியாக 90 எழுத்து, ஆக 1,35,000. பல மாதமாக ஒழுங்காக லிங்க் ஆகிக்கொண்டிருந்தது. லிங்கர் கக்கும் எச்சரிக்கைகளை ஒரு ஃபைலில் பிடிக்கலாம் என்று, மேக்ஃபைலில் லிங்க் கட்டளை உள்ள ரெசிபி வரியின் கடைசியில் '> லிங்க்.லாக் 2>&1' என்று சேர்த்தேன். அவ்வளவுதான், உடைந்தது. இருபது எழுத்துகூட இல்லாத ஒன்றைச் சேர்த்ததற்கா உடையும் என்று அதை நான் கடைசி வரை சந்தேகப்படவே இல்லை. ஸ்டாக்கை ஏற்றிப் பார்த்தேன், மெஷினை ரீபூட் பண்ணிப் பார்த்தேன், ஜிசிசி கம்பைலரைப் புதிதாகப் போட்டேன்.

நடந்தது இது. மேக் ஒரு சோம்பேறி, நல்ல அர்த்தத்தில். ரெசிபி வரியில் ஷெல்லுக்கென்று உள்ள குறி எதுவும் இல்லாவிட்டால் அது ஷெல்லைக் கூப்பிடுவதே இல்லை. வரியைத் தானே துண்டு போட்டு நேராக ஜிசிசியை ஓட்டிவிடும். அப்போது 1,500 ஆர்க்யுமென்ட், ஒவ்வொன்றும் குட்டி, மொத்தம் 2 எம்பிக்குள், பிரச்சினை இல்லை. ஆனால் >, |, &&, ; இப்படி ஏதாவது ஒன்று எட்டிப் பார்த்தால், 'எஸ்ஹெச் -சி' என்று ஷெல்லைக் கூப்பிட்டு முழு வரியையும் ஒரே ஆர்க்யுமென்ட்டாக அதன் கையில் கொடுக்கும். ஒற்றை ஆர்க்யுமென்ட்டுக்கு லினக்ஸில் தனி வரம்பு: 32 பக்கம், பக்கத்துக்கு 4,096 பைட், பெருக்கினால் 1,31,072. என் வரி 1,35,000. முட்டிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கத் துப்பு பிழைச் செய்தியிலேயே இருக்கிறது. ஜிசிசியின் பெயருக்குப் பதில் '/பின்/எஸ்ஹெச்: ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று ஷெல்லின் பெயர் வந்தால் இதுதான். 'யூலிமிட் -எஸ்' போட்டு ஸ்டாக்கை ஏற்றுவது மொத்த வரம்பைத்தான் ஏற்றும், அதுவும் புதிய கெர்னல்களில் 6 எம்பிக்கு மேல் போகாது. ஒற்றை ஆர்க்யுமென்ட் வரம்பு கெர்னலிலேயே பதிந்த எண், வெளியிலிருந்து அசைக்க முடியாது. மேக்குக்குப் பதில் நின்ஜா என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். லினக்ஸில் அது எந்த வரியையும் ஷெல் வழியாகத்தான் ஓட்டுகிறது, குறி இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்ப்பதில்லை. மேக்ஃபைலில் '.ஒன்ஷெல்' போட்டிருந்தாலும் கவனம், முழு ரெசிபியும் சேர்ந்து ஒரே ஆர்க்யுமென்ட் ஆகிவிடும்.

வைத்தியம் ரெஸ்பான்ஸ் ஃபைல். ஆப்ஜெக்ட் பட்டியலை ஒரு ஃபைலில் எழுதிவிட்டு, வரியில் @ போட்டு அந்த ஃபைலின் பெயரை மட்டும் கொடுப்பது. ஜிசிசி, க்ளாங், ஜிஎன்யூ எல்டி, ஏஆர் எல்லாமே இதை ஏற்கும். பட்டியலை எழுதுவதற்கும் ஷெல்லைக் கூப்பிட்டால் அதே சுவரில்தான் முட்டுவோம், அதனால் மேக்கையே எழுதச் சொல்லுங்கள். 2013-ல் வந்த ஜிஎன்யூ மேக் 4.0-ல் இருந்து அதற்கு ஃபைல் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது:

    நிரல்: $(ஆப்ஜெக்ட்கள்)
        $(ஃபைல் >$@.ஆர்எஸ்பி,$^)
        ஜிசிசி -ஓ $@ @$@.ஆர்எஸ்பி > லிங்க்.லாக் 2>&1

இதில் இரண்டு குழி. ஒரு ரெசிபியில் உள்ள எல்லா வரிகளையும் மேக் முதலில் விரித்துவிட்டுத்தான் முதல் வரியை ஓட்டும். ஃபைல் ஃபங்ஷன் வேலை செய்வது விரிக்கும் நேரத்தில். அதனால் முதல் வரியில் 'எம்கேடிர்' போட்டு ஃபோல்டர் உண்டாக்கி, இரண்டாவது வரியில் அந்த ஃபோல்டருக்குள் ஆர்எஸ்பி, அதாவது ரெஸ்பான்ஸ் ஃபைலை எழுதினால், எழுதும் நேரத்தில் ஃபோல்டரே இருக்காது. முதல் வரியில் பழைய ஆர்எஸ்பியை 'ஆர்எம்' செய்தால் இன்னும் வேடிக்கை, அப்போதுதான் எழுதிய புதியதை அழித்துவிடும்.

இரண்டாவது குழி மேக்ஓஎஸ். அதோடு வருவது மேக் கருவியின் 3.81 பதிப்பு, அதற்கு இந்த ஃபங்ஷன் தெரியாது. தெரியாது என்றும் சொல்லாது! ஏதோ பெயர் தெரியாத வேரியபிள் என்று நினைத்து வெறுமையாக விரித்துவிட்டுப் போய்விடும். ஆர்எஸ்பி எழுதப்படாது, அடுத்த வரியில் அந்த ஃபைலைக் காணோம் என்று பிழை வரும், நீங்கள் கம்பைலரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். 'ப்ரூ' நிறுவியில் புது மேக் போட்டு 'ஜிமேக்' என்று கூப்பிடுவது எளிது. அது முடியாத இடத்தில் 'வேர்ட்லிஸ்ட்' ஃபங்ஷனால் 1 முதல் 400, 401 முதல் 800 என்று வெட்டி, தனித்தனி 'பிரிண்ட்எஃப்' வரிகளாக ஆர்எஸ்பியின் வாலில் ஒட்டிக்கொண்டே போகலாம். கடைசித் துண்டின் மேல் எண்ணை மட்டும் 99999 என்று தாராளமாக வையுங்கள். சரியாக 1,600 என்று வைத்தால் 1,601-வது ஃபைல் சேர்க்கும் நாளில் அது பட்டியலில் சேராது, யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

'எக்கோ' கூட ஓடவில்லை, எதை ஓட்டினாலும் 'டூ லாங்'

வரி நாலு எழுத்துதான், அதற்கும் அதே பிழை என்றால் வரியை விடுங்கள், என்விரான்மென்ட்டைப் பாருங்கள். மேக்ஃபைலில் எங்காவது வெறும் 'எக்ஸ்போர்ட்' என்று தனி வரியாக ஒரு சொல் நிற்கிறதா? பின்னால் பெயர் எதுவும் இல்லாமல்? அப்படி எழுதினால் எல்லா வேரியபிளையும் ஏற்றுமதி செய் என்று அர்த்தம். மூவாயிரம் சோர்ஸ் ஃபைலின் பெயரை வைத்திருக்கும் வேரியபிளும் சேர்ந்து ஒவ்வொரு குட்டி ப்ராசஸின் தலையிலும் ஏறும். என்விரான்மென்ட்டில் ஒவ்வொரு வேரியபிளும் பெயரும் மதிப்பும் சேர்ந்த ஒரே சரம், அதற்கும் அதே 1,31,072 வரம்புதான். ஒன்று தாண்டினால் போதும், ஷெல்லே எழாது, பிறகு எக்கோ எங்கே ஓடும்.

வெறும் எக்ஸ்போர்ட்டை எடுத்துவிட்டு, உண்மையில் கீழே தேவைப்படும் நாலைந்து பெயர்களை மட்டும் சொல்லி ஏற்றுமதி செய்யுங்கள். இது பெரும்பாலும் வருடக்கணக்கில் யாரும் தொடாத வரியாக இருக்கும், எடுத்தால் எது உடையுமோ என்று பயமாக இருக்கும். அப்படியானால் பெரிய வேரியபிளை மட்டும் 'அன்எக்ஸ்போர்ட்' செய்தால் இன்றைக்கு ஓடிவிடும். இன்னொன்று, மேக்கின் கட்டளை வரியிலேயே கொடுக்கும் வேரியபிள்கள் கேட்காமலேயே உள்ளே ஓடும் மேக்குகளுக்குப் போகும். வேரியபிளில் ஒரு முழுப் பட்டியலைத் திணித்து 'மேக்' கூப்பிடும் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.

மேக்கே சம்பந்தமில்லாமல், டெர்மினலிலும் தகராறு என்றால் 'என்வ் | டபிள்யூசி -சி' போட்டு மொத்தம் எத்தனை பைட் என்று பாருங்கள். சில ஆயிரம்தான் இருக்க வேண்டும். லட்சத்தில் இருந்தால், தானாக பில்ட் ஓட்டும் சிஐ மெஷினில் யாரோ கமிட் விவரம் முழுவதையும் ஒரு வேரியபிளில் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

ரெஸ்பான்ஸ் ஃபைலும் போட்டாயிற்று, இப்போது ஜிசிசி 'சிசி1ப்ளஸ்' ஓட்ட முடியவில்லை என்கிறது

பிழைச் செய்தியில் 'சிசி1' அல்லது 'சிசி1ப்ளஸ்' பெயரும், கூடவே 'எக்செக்வி: ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்றும் வரும். இது சாமானியமாகக் கண்ணில் படாத ஒன்று. நீங்கள் ஜிசிசி என்று கூப்பிடுவது ஒரு முன்வாசல் ஆள் மட்டுமே. அவன் ரெஸ்பான்ஸ் ஃபைலைப் பிரித்து, உள்ளே இருக்கிற நிஜ கம்பைலரைக் கூப்பிடுகிறான். கூப்பிடும்போது உங்கள் ஆப்ஷன்கள் எல்லாவற்றையும் கோர்த்து 'கலெக்ட்_ஜிசிசி_ஆப்ஷன்ஸ்' என்ற ஒரே என்விரான்மென்ட் வேரியபிளில் வைக்கிறான். ஒரே சரம், அதே 1,31,072. வாசலில் நீங்கள் மிச்சப்படுத்தியது உள்ளே போய் முட்டுகிறது.

இன்க்ளூட் பாத்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் இந்த நிலை வரும், அதாவது ஒவ்வொரு சார்பு நிரலும் தன் தனி ஃபோல்டரில், நீளமான பெயரில் இருக்கும் அமைப்புகளில். ரெஸ்பான்ஸ் ஃபைலால் தீராது. ஆப்ஷன்களின் அளவையே குறைக்க வேண்டும். ஹெடர்களுக்கெல்லாம் ஒரே ஃபோல்டரில் சிம்லிங்க் போட்டு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் '-ஐ' யில் கொடுப்பது எனக்குத் தெரிந்து சுத்தமான வழி. அதற்கு முன்னால் பட்டியலைச் 'சார்ட் -யு' போட்டு எண்ணிப் பாருங்கள். ஒரே பாத் பத்து இருபது முறை திரும்பத் திரும்ப வந்திருப்பது சகஜம், பில்ட் கருவிகள் சார்புகளின் சார்புகளைக் கணக்கில்லாமல் சேர்த்துக்கொண்டே போகும். திரும்ப வருவதை எடுத்தாலே பாதி நேரம் வேலை முடிந்துவிடும், ஆனால் வரிசை மாறாமல் எடுங்கள், எந்த ஹெடர் முதலில் கிடைக்கிறது என்பது வரிசையைப் பொறுத்தது.

விண்டோஸ்: நாலு செய்தி, மூன்று அர்த்தம்

'த கமாண்ட் லைன் இஸ் டூ லாங்' என்றால் சிஎம்டி பேசுகிறது, அதன் வரம்பு 8,191 எழுத்து. 'த இன்புட் லைன் இஸ் டூ லாங்' என்பதும் சிஎம்டிதான், ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு: ஒரே கருப்பு ஜன்னலில் விஷுவல் ஸ்டுடியோவின் 'விசிவார்ஸ்ஆல்' பேட்ச் ஃபைலைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பீர்கள், ஒவ்வொரு முறையும் பாத் வேரியபிள் நீண்டுகொண்டே போய் அதை விரிக்கும் வரி உடைந்திருக்கும். ஜன்னலை மூடிப் புதிது திறங்கள், முடிந்தது.

'க்ரியேட்ப்ராசஸ் எர்ரர்=206, த ஃபைல்நேம் ஆர் எக்ஸ்டென்ஷன் இஸ் டூ லாங்' என்று வருவதுதான் வழி தவற வைக்கும் செய்தி. ஃபைல் பெயர் நீளம் என்று அது சொல்வதை நம்பி, 260 எழுத்து வரம்பை நீக்கும் 'லாங்பாத்ஸ்எனேபிள்ட்' ரெஜிஸ்ட்ரி மாற்றத்தைச் செய்து, ரீபூட் செய்து, மறுபடி அதே பிழையைப் பார்த்து நொந்துபோனவர்கள் நிறையப் பேர். அந்த மாற்றம் ஃபைல் பாத்துக்கு மட்டும். இங்கே முட்டியது ப்ராசஸைத் தொடங்கும் விண்டோஸ் ஃபங்ஷனின் வரி வரம்பு, 32,767 எழுத்து. அதை ஏற்றும் சுவிட்ச் எதுவும் கிடையாது. சில கருவிகளில் இதே முட்டல் 87 என்ற எண்ணோடு 'த பாராமீட்டர் இஸ் இன்கரெக்ட்' என்று வரும். நின்ஜா கொஞ்சம் நல்ல மனதோடு, வரி ரொம்ப நீளமோ என்று பக்கத்திலேயே ஒரு கேள்வியும் போடும்.

என் மேஜையில் ஓடுகிறது, சிஐ சர்வரில் மட்டும் உடைகிறது என்ற புகார் விண்டோஸில் அடிக்கடி வரும். நான் வேலை செய்த ஓரிடத்தில் 420 ஆப்ஜெக்ட் ஃபைல், என் மெஷினில் ஒரு பாத் 62 எழுத்து, ஆக 26,040. சிஐயில் வொர்க்ஸ்பேஸ், கிளை பெயர், பில்ட் வகை என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்து ஒவ்வொரு பாத்திலும் இருபது எழுத்து கூடுதல். 82-ஐ 420-ஆல் பெருக்கிப் பாருங்கள், 34,440. கிளைக்கு நீளமான பெயர் வைத்தால் பில்ட் உடைகிறது, சின்னப் பெயர் வைத்தால் ஓடுகிறது என்று எங்கள் டீமில் ஒருவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னதுதான் சரி.

உடனடி ஒட்டு, பில்ட் ஃபோல்டரை சி டிரைவின் வேரிலேயே இரண்டெழுத்துப் பெயரில் வைப்பது, அல்லது 'சப்ஸ்ட்' கட்டளையால் நீளமான ஃபோல்டருக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுப்பது. ஆறு மாதம் தாங்கும். நிரந்தரமாக வேண்டுமானால் இங்கேயும் ரெஸ்பான்ஸ் ஃபைல்தான். பில்ட் ஃபைல்களை உருவாக்கித் தரும் சிமேக்கும் நின்ஜாவும் என்றால் 'சிமேக்_நின்ஜா_ஃபோர்ஸ்_ரெஸ்பான்ஸ்_ஃபைல்' என்பதை ஆன் செய்யுங்கள். மேக்ஃபைல் ஜெனரேட்டர் என்றால் ஆப்ஜெக்ட், இன்க்ளூட், லைப்ரரி மூன்றுக்கும் தனித்தனியாக 'யூஸ்_ரெஸ்பான்ஸ்_ஃபைல்' வேரியபிள்கள் உண்டு. ஆண்ட்ராய்டு என்டிகே-பில்டில் 'ஆப்_ஷார்ட்_கமாண்ட்ஸ்' என்பதை ட்ரூ ஆக்கினால் அதே வேலை, பில்ட் கொஞ்சம் மெதுவாகும்.

இதையெல்லாம் செய்த பிறகும் 8,191-ல் உடைந்தால், லிங்க் வரி சுத்தமாக இருந்தும் அதன் பின்னால் ஒட்டிய போஸ்ட்-பில்ட் கட்டளை காரணமாக இருக்கும். ஒன்றுக்கு மேல் கட்டளை சேர்ந்தால் சிமேக் அவற்றை 'சிஎம்டி /சி' என்று சுற்றிக் கொடுக்கிறது, அப்போது 32,767 போய் சிஎம்டியின் சின்னக் கூரைக்கு வந்துவிடுகிறோம். போஸ்ட்-பில்ட்டை ஒரு தனி ஸ்கிரிப்ட் ஃபைலாக எழுதி அதைக் கூப்பிடுங்கள்.

ரெஸ்பான்ஸ் ஃபைல் இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பதைச் சரியாகப் படிக்கவில்லை

'சி:எஸ்ஆர்சிமெயின்.ஓ' இல்லை என்று, சாய்கோடு எல்லாம் காணாமல் போன ஒரு பெயரைச் சொல்லி ஜிசிசி அழுகிறதா? ஜிஎன்யூ கருவிகளுக்கு ரெஸ்பான்ஸ் ஃபைலுக்குள் \ என்பது அடுத்த எழுத்தைக் காப்பாற்றும் குறி, அதனால் அதை விழுங்கிவிடும். / போட்டு எழுதுங்கள், விண்டோஸிலும் ஜிசிசிக்கு அது போதும்.

@ உடன் சேர்த்தே ஃபைல் பெயரைச் சொல்லி அது இல்லை என்கிறது என்றால், ஆர்எஸ்பி அந்த இடத்தில் இல்லை அல்லது படிக்க முடியவில்லை. அப்படி இருந்தால் ஜிசிசி @ என்பதைச் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் இன்புட் ஃபைல் தேடும். எந்த ஃபோல்டரில் நின்று கூப்பிடுகிறோம் என்று பாருங்கள்.

பெயர்களுக்கு நடுவில் விநோத எழுத்துகள் தெரிந்தால் ஆர்எஸ்பியை எதை வைத்து எழுதினீர்கள்? விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல் 5.1-ல் > போட்டால் யூடிஎஃப்-16-ல் எழுதும், ஜிசிசிக்கு அது புரியாது. 'அவுட்-ஃபைல்' கட்டளையில் என்கோடிங்கை ஆஸ்கி என்று சொல்லுங்கள், அல்லது பவர்ஷெல் 7 பயன்படுத்துங்கள்.

மைக்ரோசாஃப்ட் லிங்கர் 'எல்என்கே1170' என்று சொன்னால், ஆர்எஸ்பிக்குள்ளேயே ஒரு வரி 1,31,071 எழுத்தைத் தொட்டுவிட்டது. எல்லாப் பெயரையும் ஒரே வரியில் இடைவெளி விட்டு எழுதியிருப்பீர்கள். வரிக்கு ஒரு பெயர் என்று எழுதினால் சரியாகிவிடும், கண்ணால் படிக்கவும் அதுதான் நல்லது.

பிழையே வரவில்லை, ஆனால் ஏதோ குறைகிறது

இதுதான் மோசமான வகை. வரி நீளம் என்றதும் 'எக்ஸ்ஆர்க்ஸ்' போடு என்று யாராவது சொல்வார்கள். அது நீளப் பட்டியலைத் துண்டாக்கி ஒரே கட்டளையைப் பல முறை ஓட்டும், ஜிஎன்யூ எக்ஸ்ஆர்க்ஸ் வழக்கமாக 1,31,072 பைட்டுக்கு ஒரு துண்டு. ஃபைலை அழிக்க, காப்பியடிக்க அது அருமை. லிங்க்குக்கு ஆகாது, ஏனென்றால் லிங்க் என்பது எல்லா ஆப்ஜெக்ட்டும் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டிய வேலை. முதல் துண்டு ஒரு நிரலைச் செய்ய முயலும், இரண்டாவது துண்டு அதன் மேலேயே இன்னொன்றைச் செய்ய முயலும். நல்ல வேளையாக இது பெரும்பாலும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று சத்தம் போட்டே உடையும்.

சத்தம் போடாமல் உடைவது ஏஆர். ஸ்டாட்டிக் லைப்ரரியைத் துண்டு துண்டாகச் சேர்க்கலாம், அது சரிதான். ஆனால் 'நெட்' ஃபோல்டரில் ஒரு யூட்டில்.ஓ, 'யூஐ' ஃபோல்டரில் ஒரு யூட்டில்.ஓ இருந்து, இரண்டும் வேறு வேறு துண்டில் விழுந்தால்? ஏஆர்-இன் 'ஆர்' ஆப்ஷன் ஃபோல்டரைப் பார்க்காது, பெயரை மட்டும் பார்க்கும். அதே பெயர் ஏற்கெனவே உள்ளே இருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். ஒரு யூட்டில் காணாமல் போகும். 'ஆர்'-க்குப் பதில் 'க்யூ' போட்டால் எதையும் மாற்றாமல் வாலில் சேர்த்துக்கொண்டே போகும். அதற்கு முன்னால் பழைய லைப்ரரி ஃபைலை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்டிலும் இரட்டிப்பாகும். முடிந்ததும் 'ஏஆர் டி' போட்டு உள்ளே எத்தனை இருக்கிறது என்று எண்ணி, உங்கள் ஆப்ஜெக்ட் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஏஆருக்கும் @ தெரியும் என்பதால் துண்டாக்காமலே ரெஸ்பான்ஸ் ஃபைலில் கொடுத்துவிடுவது இதைவிட நிம்மதி.

ஃபோல்டருக்கு ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரி செய்து, கடைசி லிங்க்கில் இருபது பெயர் மட்டும் கொடுக்கலாமே என்று தோன்றும். நல்ல யோசனை, ஒரு விஷயம் தவிர. லைப்ரரிக்குள் இருக்கும் ஆப்ஜெக்ட்டை யாராவது பெயர் சொல்லிக் கேட்டால்தான் லிங்கர் எடுக்கும். நிரல் தொடங்கும்போது தன்னைத்தானே பதிவு செய்துகொள்ளும் ப்ளக்இன் வகை ஃபைல்களை யாரும் கேட்க மாட்டார்கள், அவை வெளியே நின்றுவிடும், நிரல் லிங்க் ஆகி ஓடவும் ஓடும், மெனுவில் மட்டும் நாலு ஐட்டம் இருக்காது. 'ஹோல்-ஆர்க்கைவ்' ஆப்ஷனை அந்த லைப்ரரிகளைச் சுற்றிப் போட வேண்டும். அதற்குப் பதில் 'எல்டி -ஆர்' போட்டு முந்நூறு ஆப்ஜெக்ட்டை ஒரு பெரிய ஆப்ஜெக்ட்டாக்கி, அப்படி ஐந்தாறை லிங்க் செய்தால் எதுவும் விடுபடாது. லிங்க் நேரத்தில் கோடை மேம்படுத்தும் எல்டிஓ ஆன் செய்திருந்தால் மட்டும் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

மற்ற சில

லிப்டூல் பயன்படுத்தும் ப்ராஜெக்ட்டில் கான்ஃபிகர் ஓடும்போது கட்டளை வரியின் அதிகபட்ச நீளம் 1572864 என்று ஒரு வரி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 20,97,152-இல் முக்கால் பங்கு அது. விண்டோஸுக்கான ஜிசிசியான மின்ஜிடபிள்யூவில் 8192 என்று எடுத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் தானே துண்டு துண்டாக லிங்க் செய்யும், அதனால்தான் அங்கே அவ்வளவு மெதுவு.

ஜாவாவில் நீள்வது க்ளாஸ்பாத். ஜாவாசிக்கு @ ஃபைல் பல காலமாக உண்டு, ஜாவா 9-ல் இருந்து 'ஜாவா' கட்டளையே அதை ஏற்கும். அதற்கு முந்தையது என்றால் ஜார்களை ஒரே ஃபோல்டரில் போட்டு 'லிப்/*' என்று கொடுங்கள், ஜாவா 6 முதல் வேலை செய்யும். ஷெல் அதை விரித்துவிடாமல் மேற்கோளுக்குள் வையுங்கள்.

ரஸ்ட்காரர்கள் இதைப் பற்றிக் கேள்விப்படாமலே இருக்கக் காரணம், லிங்கரைக் கூப்பிட்டது நீளத்தால் தோற்றால் ரஸ்ட்சி தானே ரெஸ்பான்ஸ் ஃபைல் எழுதி மறுபடி கூப்பிடுகிறது.

இத்தனைக்கும் அசையாமல் யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால், பிழை வரியை மட்டும் ஒட்டாதீர்கள். லினக்ஸா விண்டோஸா, நீளமான வரியின் அளவு எவ்வளவு, என்விரான்மென்ட் எத்தனை பைட், ஆர்எஸ்பியின் முதல் பத்து வரி, இவ்வளவும் வேண்டும். கட்டளை வெற்றிகரமாக முடிந்தால் நின்ஜா ஆர்எஸ்பியை அழித்துவிடும், அதனால் '-டி கீப்ஆர்எஸ்பி' போட்டு ஓட்டி அந்த ஃபைலைப் பிடித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.